வாசலில் நின்ற புள்ளி

அத்தியாயம் 19

முப்பத்தொரு வீடுகள்.

காலை ஒன்பது இருபதுக்குத் தையலக்காவின் செல்போன் அப்படித்தான் சொன்னது. ‘உங்கள் பார்சல் வண்டியில் ஏறிவிட்டது. உங்களுக்கு முன்னால் 31 வீடுகள்.’ கீழே ஒரு வரைபடம். வரைபடத்தில் ஒரு மஞ்சள் புள்ளி. அந்தப் புள்ளிக்குள் உட்கார்ந்திருப்பவன் அவள் பெற்ற பிள்ளை.

போன வாரம் படிக்கத் தவறியவர்கள் பெரிதாக எதையும் இழந்துவிடவில்லை. இழந்தவள் தையலக்காதான். ஏழு மாதத்துக்கு முன்னால் வீட்டை விட்டுப் போன சின்னவன் எங்கே இருக்கிறான், எப்படி இருக்கிறான் என்று ஒரு தகவலும் கிடையாது. நம்பரையும் மாற்றிவிட்டான். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் பெரியவள், கடைக்கு வர வேண்டிய லென்ஸ் பெட்டி எதுவரை வந்திருக்கிறது என்று மஞ்சள் வண்டிக் கம்பெனியின் ஆப்பைத் திறந்தாள். ‘உங்கள் பார்சலைக் கொண்டுவருபவர்’ என்ற எழுத்துக்குப் பக்கத்தில் கட்டைவிரல் நகமளவு ஒரு போட்டோ. மஞ்சள் சட்டை, லேசான தாடி. தம்பி. அவள் கடையின் பின்வாசலுக்கு ஓடுவதற்குள் பெட்டி மட்டும் இருந்தது, வண்டி போய்விட்டது.

மஞ்சள் வண்டிக் கம்பெனி ஒன்றும் உலகத்தைச் சுற்றும் கம்பெனி இல்லை. இந்த வட்டாரத்துக்குள் நாலைந்து ஊர், அதோடு சரி. ஆனால் பார்சல் வரும் நாளில் வண்டி எந்தத் தெருவில் நிற்கிறது, நமக்கு முன்னால் எத்தனை வீடு பாக்கி என்பதுவரை ஆப் சொல்லிவிடும். பெரியவள் கம்பெனிக்குப் போன் போட்டு நாசூக்காக விசாரித்ததில், இவர்கள் தெருவுக்கு வியாழக்கிழமைதோறும் வருவது சின்னவனின் வண்டிதான் என்று தெரிந்தது.

தையலக்கா அன்றே ஒரு டஜன் கறுப்புப் பொத்தானுக்கு ஆர்டர் கொடுத்தாள். அவள் தையல் மெஷின் பக்கத்தில் இரண்டு டப்பா நிறைய கறுப்புப் பொத்தான் இருக்கிறது. அது வேறு விஷயம்.

இன்று வியாழக்கிழமை.

“போன் மட்டும் பண்ணிடாதம்மா,” என்று பெரியவள் காலையிலேயே மூன்றாவது தடவையாகச் சொன்னாள். “ஆப்ல ‘அழைக்க’ன்னு ஒரு பட்டன் இருக்கும். அதைத் தொடாத. உன் குரலைக் கேட்டா வண்டியை அப்படியே திருப்பிடுவான். அவன் மேல ஏறி வரட்டும். கதவைத் திற. அப்புறம் உன் பாடு, அவன் பாடு.”

“வருவானா?”

“வந்துதாம்மா ஆகணும். வேலை. ஒவ்வொரு வீடா முடிச்சாத்தான் அடுத்த வீடு திறக்கும், அவன் கையில இருக்கற மெஷின்ல. இன்னொண்ணு, புள்ளியை ரொம்ப நம்பாத. அது நாலஞ்சு நிமிஷம் பின்தங்கித்தான் வரும்.”

தையலக்கா தலையை ஆட்டினாள். எந்தக் காதில் வாங்கினாளோ, அது அப்புறம் தெரியும்.

அடுத்த பிரச்சினை அவள் வீட்டுக்காரர், வாத்தியார். முப்பத்துநாலு வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர்; ஓய்வு பெற்றது பள்ளிக்கூடத்திலிருந்துதான், கணக்கிலிருந்து இல்லை. மாடிப்படியைக்கூட எண்ணாமல் ஏற மாட்டார். சின்னவன் வரும்போது அவர் வீட்டில் இருக்கக் கூடாது என்பதில் அம்மாவுக்கும் மகளுக்கும் இரண்டு கருத்து இல்லை. கண் பரிசோதனை என்று சொல்லி மதியம் ஒரு மணிவரை அவரைக் கடையில் பிடித்து உட்கார வைப்பது பெரியவளின் பொறுப்பு.

“ஃப்ரேம் மாத்த மாட்டேன்,” என்றார் வாத்தியார், செருப்பை மாட்டிக்கொண்டே. “இந்த ஃப்ரேம் இருபது வருஷமா என் மூக்குக்குப் பழகினது. லென்ஸை மட்டும் மாத்து.”

“சரிப்பா, அதே ஃப்ரேம்லயே போட்டுத் தரேன். இப்ப கிளம்புங்க.”

“என்ன அவசரம்? ரெண்டு பேரும் என்னைத் துரத்துற மாதிரியே இருக்கு.”

“லென்ஸ் மாத்தற மெஷின்ல கூட்டம் சேர்ந்துடுமாம், போயிட்டு வாங்க,” என்றாள் தையலக்கா. பொய் அவளுக்கு இப்படித்தான், நினைப்பதற்கு முன்னால் வாயில் வந்து நின்றுவிடும். இந்தக் குடும்பத்தின் மொத்தக் கதையும் அந்த ஒரு வியாதியால் வந்தது என்று சொன்னாலும் தப்பில்லை.

அவர்கள் போனதும் அவள் போனை எடுத்தாள். ‘கொண்டுவருபவருக்கு ஏதாவது குறிப்பு உண்டா?’ என்று ஆப் கேட்டது. பெரியவள் இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தையலக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு விரலால் தட்டினாள்.

‘அம்மா மட்டும்தான் இருக்கேன். அப்பா வீட்டில் இல்லை. மேலே வா.’

அனுப்பிவிட்டு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து வாசற்கதவுக்குப் பக்கத்தில் போட்டாள். வீடு மூன்றாவது மாடி. தெருவைப் பார்க்கும் ஜன்னல் படுக்கையறையில் இருக்கிறது. அங்கே நின்றால் மணி அடிக்கும்போது கதவுக்கு வர எட்டு எட்டு வைக்க வேண்டும். அந்த எட்டு எட்டுக்குள் அவன் பொத்தானை வாசலில் வைத்துவிட்டு இறங்கிவிட்டால்? அதனால் கதவு பக்கம்தான். தெருவைப் பார்க்கத்தான் புள்ளி இருக்கிறதே.

இருபத்திரண்டு வீடுகள். பதினேழு.

அவனிடம் சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம். ஏழு மாதமாக மனப்பாடம் செய்த வாக்கியம்.

சின்னவன் முதல் வருடத்தோடு கல்லூரியை விட்டுவிட்டான். அப்பாவிடம் சொல்லப் பயந்து, தினமும் பையை மாட்டிக்கொண்டு கிளம்பி, ஒரு கிடங்கில் பெட்டி தூக்கப் போனான். தையலக்காவுக்கு அது எப்போது தெரிந்தது? ஒரு நாள் அவன் பையில் நீலச் சட்டை ஒன்று கசங்கிக் கிடந்தது. கிடங்கின் பெயர் போட்ட சட்டை. இரண்டு பொத்தான் அறுந்திருந்தது. அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பொத்தானைத் தைத்து, மடித்து, பையிலேயே வைத்துவிட்டாள். மறுநாள் காலை சின்னவன் அவளைப் பார்த்துச் சிரித்தான். அம்மா நம்ம பக்கம் என்கிற சிரிப்பு. பதினாறு மாதம் அந்தச் சிரிப்பு ஓடியது.

பிறகு வாத்தியாரின் பழைய மாணவர் ஒருவர், அந்தக் கல்லூரியிலேயே வேலை பார்ப்பவர், வழியில் பார்த்து விஷயத்தைப் போட்டு உடைத்துவிட்டார். வீட்டுக்கு வந்த வாத்தியார் கூடத்தின் நடுவில் நின்று மனைவியைத்தான் முதலில் கேட்டார்: “உனக்குத் தெரியுமா?”

“சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க,” என்றாள் தையலக்கா.

சின்னவன் அப்பாவைப் பார்க்கவே இல்லை. அவளைத்தான் பார்த்தான். வாத்தியார் “போ” என்றார். அவன் போனான். அப்பா சொன்னதற்காகப் போனான் என்று வாத்தியார் நினைக்கிறார், பெரியவள் நினைக்கிறாள், தெருவே நினைக்கிறது. எதற்காகப் போனான் என்று தெரிந்த ஒரே ஆள் கதவோரம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். ‘அன்னிக்குப் பொய் சொன்னது நான்தான்டா’ என்ற அந்த ஒரே வாக்கியம் அவள் நாக்கில் தயாராக இருந்தது.

பதினொன்று. ஏழு. நாலு.

பன்னிரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ‘உங்களுக்கு முன்னால் 2 வீடுகள்’ என்று வந்தது. புள்ளி மருந்துக் கடைத் தெருவில் நின்றது. தையலக்கா புடவையை உதறிச் சரிசெய்தாள். தலைமுடியை ஒதுக்கிக்கொண்டாள். அழுதால் பயந்துவிடுவான், அழக் கூடாது என்று தனக்கே ஒரு கட்டளை போட்டுக்கொண்டாள்.

அப்போது பார்த்துப் பெரியவளிடமிருந்து போன். வரைபடம் மறைந்து பெரியவளின் முகம் திரையை அடைத்துக்கொண்டது. தையலக்கா சட்டென்று கட் பண்ணினாள். புள்ளி திரும்பி வந்தது. மறுபடி போன். மறுபடி கட்.

‘அடுத்தது நீங்கள்தான்.’

புள்ளி தெரு முனையில் திரும்பியது. மெதுவாக, மிக மெதுவாக, அவர்கள் வாசலில் வந்து நின்றது.

அவள் எழுந்து நின்றாள். மணி அடிக்கவில்லை. படியில் காலடிச் சத்தமும் இல்லை. ஒரு நிமிடம் பொறுத்தாள். பிறகு பொறுக்க முடியவில்லை. மூன்று மாடியையும் செருப்பில்லாமல் இறங்கினாள், போனைக் கையில் பிடித்தபடி.

தெரு காலி.

இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை ஒரு வண்டி இல்லை. எதிர்வீட்டு மதிலில் ஒரு பூனை படுத்திருந்தது. போனில் மட்டும் புள்ளி அசையாமல் அவள் நிற்கும் இடத்திலேயே நின்றது. அவள் போனைப் பார்த்தாள், தெருவைப் பார்த்தாள், மறுபடி போனைப் பார்த்தாள். பெரியவள் சொன்ன நாலஞ்சு நிமிடம் அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. அவள் கதவோரம் உட்கார்ந்து ‘2 வீடுகள்’ என்று படித்துக்கொண்டிருந்த நேரத்தில், அவன் நிஜமாகவே இங்கே நின்றிருக்கிறான்.

“செருப்புச் சத்தமே கேக்கலை, நீ ஏன் வெறுங்காலோட நிக்கிற?”

வாத்தியார். கேட் தூணில் கை ஊன்றிக்கொண்டு, வியர்வையைத் துடைத்தபடி நின்றார். மூக்கில் கண்ணாடி இல்லை.

“நீங்க... நீங்க எப்படி இங்க?”

“லென்ஸ் மாத்த ஃப்ரேமைக் கழட்டி எடுத்துட்டுப் போயிட்டாங்க. மூணு மணி நேரம் ஆகுமாம். அவ ஒரு வாடிக்கையாளரோட மாட்டிக்கிட்டா. சும்மா உட்கார்ந்து என்ன பண்றது, நடந்து வந்துட்டேன். கண்ணைக் கட்டிவிட்டாலும் வந்துடுவேன், முனையிலேர்ந்து நம்ம கேட் இருநூத்திப் பத்து அடி.” கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். “ஒரே தொந்தரவு, ஏதோ ஒரு வண்டி நம்ம கேட்டை அடைச்சுக்கிட்டு நின்னுது. இருநூத்திப் பத்து அடியும் நான் நடந்து வர்ற வரைக்கும் அசையலை. டிரைவர் தூங்கிட்டானோ என்னவோ.”

தையலக்கா தெருக்கோடியைத் திரும்பிப் பார்த்தாள்.

“கிட்டப் போனதும் வண்டி ஜன்னலை இறக்கித் தலையை நீட்டினான். வழி கேக்கறானாக்கும்னு நினைச்சேன். ‘இங்க நிக்காதப்பா, போ, போ’ன்னேன். போயிட்டான். சொன்னா கேக்கற பையன்தான், பாவம்.”

கையால் விரட்டிக் காட்டினார், கோழியை விரட்டுவது போல.

தையலக்கா கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வெயிலில் கம்பி சுட்டது, விடவில்லை. வாத்தியாருக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் கண்ணுக்கு அவள் முகமே ஒரு மங்கலான வட்டம்தான். “மேல வா, தலை சுத்தப் போகுது,” என்று சொல்லிவிட்டுப் படி ஏறினார். எண்ணிக்கொண்டே ஏறினார்.

அவள் கையில் போன் அதிர்ந்தது.

‘பார்சலைத் தர இயலவில்லை. காரணம்: இந்த முகவரியில் இப்படி ஒருவர் இல்லை.’

அந்தப் பிள்ளை பிறந்து, தவழ்ந்து, பல் முளைத்து வளர்ந்த முகவரி அது.

‘அழைக்க’ பட்டனை அழுத்தினாள். இனி அழுத்தி என்ன, அழுத்தாமல் என்ன. ‘இந்தப் பயணம் முடிந்துவிட்டதால் அழைக்க இயலாது’ என்றது ஆப்.

மதியம் முழுக்க அவள் மெஷினில் உட்கார்ந்து ஒரே தையலைப் போட்டுப் போட்டுப் பிரித்தாள். வாத்தியார் திரும்பிப் போகவில்லை. கண்ணாடி இல்லாமல் பேப்பர் படிக்க முடியாது என்று படுத்துவிட்டார். அவர் குறட்டையைக் கேட்டபடி அவள் ஒன்றையே திரும்பத் திரும்ப நினைத்தாள். அவன் வந்து நின்றான். குறிப்பைப் படித்திருக்கிறான். அப்பா வீட்டில் இல்லை, அம்மா மட்டும்தான் என்று படித்துவிட்டு, மேலே ஏறலாமா வேண்டாமா என்று இருநூற்றுப் பத்து அடி நேரம் அங்கேயே உட்கார்ந்திருக்கிறான். நிமிர்ந்து பார்த்தால் எதிரில் அப்பா.

அம்மா மறுபடியும் பொய் சொல்லிவிட்டாள். வேறு எப்படி நினைப்பான்? அன்று அவள் உண்மையை மறைத்துப் பொய் சொன்னாள். இன்று அவள் சொன்ன உண்மையே பொய்யாகிவிட்டது. பிள்ளைக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஐந்தரைக்குப் பெரியவள் வந்தாள், கையில் அப்பாவின் கண்ணாடிக் கூட்டோடு. அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“எத்தனை தடவைம்மா போன் பண்ணினேன்? அப்பா கிளம்பிட்டாருன்னு சொல்லத்தான் பண்ணினேன். ஏன் கட் பண்ணின?”

“புள்ளி மறைஞ்சுதுடி.”

பெரியவள் திட்ட வாயெடுத்தாள், திட்டவில்லை. போனை வாங்கிப் படித்தாள்.

“இதைப் பெருசா எடுத்துக்காதம்மா. அவன் மெஷின்ல மூணே மூணு காரணம்தான் இருக்கும். வீட்ல ஆள் இல்லை, வாங்க மறுத்துட்டாங்க, இப்படி ஒருத்தர் இல்லை. ஏதோ ஒண்ணை அழுத்தியே ஆகணும். அவசரத்துல கை பட்டிருக்கும்.”

“கை பட்டிருக்குமா?”

“பட்டிருக்கும்மா,” என்றாள் பெரியவள், அம்மாவைப் பார்க்காமல். டீ போடுகிறேன் என்று சமையலறைக்குப் போனாள். அடுப்பு பற்றவைக்கும் சத்தமே ரொம்ப நேரம் வரவில்லை.

வாத்தியார் எழுந்து வந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டார். ஜன்னலைப் பார்த்தார், காலண்டரைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார்.

“அழுதியா?”

அவள் போனைப் புடவைத் தலைப்பில் மூடினாள்.

“என்ன ஆச்சு? மதியத்துலேர்ந்து ஒரு வார்த்தை பேசலை நீ. என்ன அந்தப் போன்ல?”

இதற்கும் ஒரு பொய் வாயில் வந்து நின்றது. தூசி விழுந்தது, தலைவலி, எது வேண்டுமானாலும். தையலக்கா அதை விழுங்கினாள். போனை நீட்டினாள்.

வாத்தியார் வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், நகமளவு போட்டோவைப் பார்த்தார். புது லென்ஸ். எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது.

“இது நம்ம சின்னவன்.”

“ஆமாங்க.”

“தாடி வெச்சிருக்கான்.” கொஞ்சம் பொறுத்து, “மஞ்சள் சட்டை,” என்றார். இன்னும் கொஞ்சம் பொறுத்து, “மதியம் நின்னதும் மஞ்சளாத்தான் இருந்துது. அந்த வண்டியா?”

“ஆமாங்க.”

அவர் மெதுவாகக் கதவோரம் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தார். கை மட்டும் காற்றில் ஒரு முறை அசைந்தது, மதியம் விரட்டிய அதே அசைவு. பாதியில் நின்றது.

“தலையை நீட்டி ஏதோ சொல்ல வந்தான். ‘அப்பா’ன்னுதான் சொல்ல வந்தானோ என்னவோ. நான் முடிக்க விடலை.” அவர் குரல் வகுப்பில் கேட்கும் குரலாக இல்லை. “அன்னிக்குக் கண்ணாடி போட்டுக்கிட்டு விரட்டினேன். இன்னிக்குக் கண்ணாடி இல்லாம விரட்டியிருக்கேன்.”

தையலக்கா தரையைப் பார்த்தபடி நின்றாள்.

“உன்மேல ஒரு தப்பும் இல்லை,” என்றார் வாத்தியார். “என்னை மட்டுமா ஏமாத்தினான், உன்னையும்தானே ஏமாத்தினான். அப்படி இருந்தும் நீ அவனைத் தேடியிருக்க. நான்தான் பாவி. இந்த வீட்டுல குத்தவாளி நான் ஒருத்தன்தான்.”

ஏழு மாதமாக அவர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார் என்பது அவளுக்குத் தெரியும். ராத்திரி சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போகும்போதெல்லாம் தெரியும். தெரிந்தும் இருந்தாள். அந்தப் பழி அவர் தலையில் பத்திரமாக இருந்தது.

“இல்லைங்க,” என்றாள். “எனக்குத் தெரியும்.”

“என்ன தெரியும்?”

“எல்லாம். அவன் காலேஜ் போகலைன்னு பதினாறு மாசமாத் தெரியும். அந்தக் கிடங்குச் சட்டைக்குப் பொத்தான் தைச்சுக் கொடுத்தவளே நான்தான். அன்னிக்கு நீங்க கேட்டப்ப, அவன் முன்னாடியே, சத்தியமாத் தெரியாதுன்னு சொன்னேன். அவன் உங்களால போகலைங்க. என்னாலதான் போனான்.”

சமையலறையில் டம்ளர் ஒன்று கீழே வைக்கப்படும் சத்தம் கேட்டது. பெரியவளும் கேட்டுக்கொண்டிருந்தாள் என்பதற்கு அது போதும்.

வாத்தியார் அவளை நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி, இருபது வருடத்தில் ஒரு நாளும் செய்யாதபடி, லென்ஸ் கீழே படும்படி மேஜையில் வைத்தார். சுவரைத் தொட்டுக்கொண்டே உள்ளறைக்குப் போனார். எண்ணவில்லை.

நாற்காலியில் அவர் விட்டுப்போன போன் வெளிச்சமாக இருந்தது. மணி ஐந்து ஐம்பத்தேழு. ‘இந்த முகவரியில் இப்படி ஒருவர் இருக்கிறாரா? ஆறு மணிக்குள் உறுதி செய்யாவிட்டால் பார்சல் அனுப்பியவருக்கே திரும்பிவிடும்.’ கீழே இரண்டு கட்டம். ஆம். இல்லை.

தையலக்கா ‘ஆம்’ மேல் விரலை வைத்தாள். விரல் ஈரமாக இருந்ததால் முதல் தடவை எடுக்கவில்லை. புடவையில் துடைத்துக்கொண்டு மறுபடி அழுத்தினாள்.

‘நன்றி. உங்கள் பார்சல் மீண்டும் கொண்டுவரப்படும். உங்கள் பார்சலைக் கொண்டுவருபவர்:’

அதற்குப் பக்கத்தில், காலையிலிருந்து அவன் முகம் இருந்த இடத்தில், இப்போது வெறும் சாம்பல் வட்டம்.

உள்ளறைக் கதவின் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. கல்யாணமாகி முப்பத்தொரு வருடத்தில் அந்தத் தாழ்ப்பாளை அவர் போட்டதே இல்லை.